மாமத் குகைக்குப் போகும் நிலாவுக்கு

அன்புள்ள நிலா,

விடுமுறையில் அப்பா அம்மாவுடன் கென்டக்கியில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறாயாமே! முகாமிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் மாமத் குகை. உலகில் இதுவரை அளக்கப்பட்டவற்றில் மிக நீளமான குகை அது, 680 கி.மீ.க்கு மேல் அளந்தும் முடிவு தெரியவில்லை.

படங்களில் பார்த்த சுண்ணாம்பு விழுதுகளை எதிர்பார்த்துப் போகிற பலர், வெறும் சுவரும் அகன்ற கூரையுமாக நீளும் பாதைகளைக் கண்டு ஏமாந்துபோகிறார்கள். நீ ஏமாறாதே. அந்த வெறுமையில்தான் இக்குகையின் கதை இருக்கிறது. மண்ணில் இறங்கும் மழைநீர் அங்குள்ள கரியமில வாயுவை ஏற்று இலேசான அமிலமாகிறது. அதுதான் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து இந்த வழிகளைக் குடைந்தது. நிலத்தடி ஆறு மேலும் மேலும் கீழே இறங்க, மேல்தளங்கள் வறண்டன. அவற்றின் தலைக்கு மேல் மணற்பாறை ஒன்று, கூடாரத்தின் மேல் விரிக்கும் தார்ப்பாய் போல, மழைநீரைத் தடுத்துவிடுகிறது. சொட்டு விழாத இடத்தில் விழுது ஏது? அந்த மூடி அரிபட்டுப்போன ஓரத்தில் ‘ஃப்ரோசன் நயாகரா’ என்ற பகுதி உண்டு. அங்கே நீர் கசிகிறது, விழுதுகளும் வளர்கின்றன. முடிந்தால் இரண்டையும் பார்.

வறட்சி பழைய தடயங்களையும் காத்துவைத்திருக்கிறது. அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய 1812 போரின்போது அடிமைகளைக் கொண்டு இங்கே வெடியுப்பு எடுத்தார்கள். அந்த மரத் தொட்டிகளின் மிச்சம் இன்றும் மக்காமல் கிடக்கிறது. குகைக் காற்று காசநோயைப் போக்கும் என்று நம்பிய உரிமையாளர் டாக்டர் ஜான் குரோகன், 1842-ல் நோயாளிகளை உள்ளேயே குடிசைகளில் தங்கவைத்தார். சிலர் இறந்தார்கள், முயற்சி சில மாதங்களிலேயே நின்றது. இரண்டு கல் குடிசைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

இக்குகையைப் பற்றிப் பேசினால் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஸ்டீபன் பிஷப். 1838-ல் வழிகாட்டி வேலைக்குக் கொண்டுவரப்பட்ட அடிமை; அப்போது அவருக்குப் பதினேழு வயது இருக்கும். ‘அடியில்லாப் பள்ளம்’ என்று மற்றவர்கள் அஞ்சி நின்ற இடத்தைத் தாண்டி, அப்பால் நிலத்தடி ஆறுகளையும் கண்ணில்லாத மீன்களையும் கண்டார். 1842-ல் நினைவிலிருந்தே குகையின் வரைபடத்தை வரைந்தார். அது பின்னர் அவர் பெயரோடு அச்சானது. ஓர் அடிமையின் பெயர் அப்படி அச்சேறியது அந்தக் காலத்தில் எத்தனை அரிது! 1856-ல் விடுதலை பெற்றவர், மறு ஆண்டே இறந்துபோனார். பார்வையாளர் மையத்துக்கு அருகிலுள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதி இருக்கிறது. அங்கும் போய் வா.

உள்ளே ஏறத்தாழ 12 டிகிரிதான்; வெயில் காலமானாலும் ஸ்வெட்டர் வேண்டும். விழுதுகளைத் தொடாதே, விரலின் எண்ணெய்ப் பசை அவற்றின் வளர்ச்சியைக் கெடுக்கும். முன்பு வேறு குகைக்குப் போட்டுப்போன காலணியை எடுத்துச் செல்லாதே. வௌவால்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் ஒரு பூஞ்சை அதில் ஒட்டிக்கொண்டு குகைக்குக் குகை பரவலாம். நமக்கு அதனால் ஒன்றும் ஆகாது, வௌவால்களுக்குத்தான் ஆபத்து. வெளியே வந்ததும் காலணியைத் துப்புரவாக்கும் விரிப்பின் மேல் எல்லோரையும் நடக்கச் சொல்வார்கள். தம்பி தாண்டிக் குதித்து ஓடிவிடாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா