24 மணி நேர உழைப்பு, 0.8 விநாடிப் படம்!

சற்றே வேறுபட்ட படங்களை அடுத்தடுத்து வேகமாகக் காட்டினால் அவை அசைவதுபோல் தோன்றும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள் காட்டப்பட்டன.

1986-ஆம் ஆண்டில் எரிக் கிரஹாம் என்பவர், அமீகா என்னும் வீட்டுக் கணிப்பொறியில் பந்துகளை வீசிப் பிடிக்கும் வித்தைக்காரர் ஒருவரை உருவாக்கினார். ஒளிக்கதிர்கள் எங்கே பட்டு எப்படித் திரும்புகின்றன என்று கணக்கிட்டு வரைந்ததால், ஒரு படத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆயிற்று. 24 படங்களுக்கு 24 மணி நேரம்! விநாடிக்கு 30 வீதம் காட்டினால் அவை 0.8 விநாடியில் முடிந்துவிடும்.

இத்தகைய படங்களை வீடியோ நாடாவில் பதிவது எப்படி? ஒரு படம் தயாரானதும் அதைப் பதிந்து, நாடாவை நிறுத்தி, அடுத்த படத்துக்குக் காத்திருக்கலாமே என்று தோன்றும். சினிமாக் காமிராவில் அது முடியும். வீட்டு வீடியோ கருவியில் முடியாது. ஏன்?

வி.எச்.எஸ். கருவியில் நாடா விநாடிக்குச் சுமார் 3.3 செ.மீ. நகரும். அப்படியானால் ஒரு படத்துக்கு நாடா நகரும் தூரம் 1.1 மி.மீ. மட்டுமே! 62 மி.மீ. விட்டமுள்ள உருளை ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 1,800 முறை சுழன்று, ஒரு சுற்றுக்கு ஒரு படமாகச் சாய்ந்த கோடுகளில் பதிகிறது. நின்ற நாடா கிளம்பிச் சீரான வேகம் பெறுவதற்குள் பல படங்களுக்குரிய நேரம் கடந்துவிடும். தொழில்முறைக் கருவிகள் ஒவ்வொரு படத்துக்கும் நாடாவைப் பின்னே சுற்றி, ஓடவிட்டு, வேகம் சீரானபின் ஒரே ஒரு படத்தைப் பதிந்தன. அவற்றின் விலை பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கு எட்டாதது.

ஆகவே அவர்கள் வேறு வழி கண்டார்கள். எல்லாப் படங்களையும் முதலில் மெதுவாக வரைந்து சேமித்தார்கள். பிறகு கணிப்பொறியின் நினைவகத்திலிருந்து முழு வேகத்தில் ஓட்டி, ஓடும் நாடாவில் பதிந்தார்கள். அமீகாவின் சைகை தொலைக்காட்சிக்குப் பொருந்தியதால் இணைக்க ஒரு கம்பியே போதுமாயிற்று.

இதிலும் ஓர் இடையூறு உண்டு. 320 × 200 புள்ளிகள், புள்ளிக்கு 6 பிட் என்றால் ஒரு படத்துக்கு 48,000 பைட். 24 படங்களுக்கு 11,52,000 பைட். அமீகாவின் வட்டிலோ 9,01,120 பைட் மட்டுமே கொள்ளும்! எனவே முதல் படத்தை முழுமையாகவும், அடுத்தவற்றில் மாறிய பகுதிகளை மட்டும் சேமித்தார்கள். வானமும் தரையும் மாறுவதில்லை அல்லவா? கடைசிப் படம் முதல் படத்தோடு இணையுமாறு அமைத்துவிட்டால், அதே 0.8 விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பதியலாம்.

மெதுவாகச் செய்ய வேண்டியதையும் வேகமாகச் செய்ய வேண்டியதையும் பிரித்ததே இங்குள்ள சூட்சுமம். விலை உயர்ந்த கருவியின் இடத்தை அது நிரப்பியது.

இப்பொழுது நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள். இந்தியத் தொலைக்காட்சி பின்பற்றிய முறையில் விநாடிக்கு 25 படங்கள். ஒரு படம் வரைய 20 நிமிடம் ஆகுமானால், திரும்ப ஓட்டாமல் ஒரு நிமிடப் படம் தயாரிக்கக் கணிப்பொறி எத்தனை நாள் இடைவிடாது உழைக்க வேண்டும்?