பழவங்காடியிலிருந்து அமெரிக்கா

அன்புள்ள தம்பி,

கடிதமும் பாடத்திட்ட வரைவும் கிடைத்தன. பழவங்காடியிலேயே வீடு அமைந்ததில் சந்தோஷம். பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைபடும் சத்தம் போகப்போகப் பழகிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் பருவத்திலேயே அமெரிக்க அரசாங்கம் பற்றிய அறிமுகத் தாளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அலுத்துக்கொண்டிருக்கிறாய். அமெரிக்க ஆட்சிமுறை வேண்டாம் என்று கோஷம் போட்டு ஜனங்கள் உயிரை விட்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகராக இருந்த திருவனந்தபுரத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தத் தாளை நடத்தக் கொடுத்துவைத்தவன் நீ. அலுத்துக்கொள்ளாதே.

வரைவில் முதல் வாரத்துக்கு 'அமெரிக்க அரசமைப்பின் சிறப்பியல்புகள்' என்று போட்டிருக்கிறாய். கைடுப் புத்தகத்துத் தலைப்பு அது. பத்து இயல்புகள், ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. பிள்ளைகள் மனப்பாடம் செய்து தேர்வில் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் சர் சி.பி. ராமசாமி ஐயரை வை.

1946 ஜனவரியில் திவான் சி.பி. ஒரு சீர்திருத்தத் திட்டத்தை அறிவித்தார். வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை உண்டு, சட்டசபை உண்டு. ஆனால் ஆட்சி நடத்தும் திவானை நியமிப்பவர் மகாராஜா; சபையால் அவரை அசைக்க முடியாது. அமெரிக்காவில் ஜனாதிபதி காங்கிரஸின் தயவில் இல்லையே, அதைப் போலத்தான் இதுவும் என்பது வாதம். பெயரே 'அமெரிக்கன் மாடல்' என்று ஆகிவிட்டது. 'அமெரிக்கன் மாடல் அறபிக்கடலில்' என்பது எதிர்த்தவர்களின் கோஷம். அந்த அக்டோபரில் ஆலப்புழைப் பக்கம் புன்னப்புரையிலும் வயலாரிலும் தொழிலாளிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை கணக்கு ஒத்துவரவில்லை. திவான் பதவியை விட்டது 1947 ஆகஸ்டில். அதுவும் சபை ஓட்டுப் போட்டு அல்ல. ஜூலை 25 அன்று இதே ஊரில் ஒரு சங்கீத நிகழ்ச்சியில் கே.சி.எஸ். மணி என்பவர் அவரை வெட்டினார். அதன் பிறகுதான் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் அவர் ஊரை விட்டுப் போனதும்.

கதையாக இதைச் சொல்லி நிறுத்தாதே. வகுப்பைப் பார்த்து ஒன்று கேள்: சி.பி. அமெரிக்காவிலிருந்து எதை எடுத்தார், எதை விட்டார்? பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். சபையால் அசைக்க முடியாத நிர்வாகி என்பதை எடுத்துக்கொண்டார். அந்த நிர்வாகி நாலு வருஷத்துக்கு ஒருமுறை வாக்காளர் முன் போய் நிற்க வேண்டும் என்பதை விட்டார். குற்றம் சாட்டி விசாரித்து நீக்கும் வழியை விட்டார். 1951-இல் வந்த 22-ஆவது திருத்தம் எந்த ஜனாதிபதியையும் இரண்டு தடவைக்கு மேல் தேர்ந்தெடுக்க விடுவதில்லை. திவானுக்குக் காலவரம்பென்று ஒன்று பேச்சிலேயே இல்லை. 'அதிகாரப் பிரிவினை' என்று ஒரு மணிநேரம் பேசினாலும் ஏறாதது இதில் கால்மணியில் ஏறும்.

இந்தத் தாள் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி ஓடட்டும்: இவரை யார், எப்படி இறக்குவது? ஜனாதிபதி, செனட்டர், நீதிபதி, மேயர் என்று எந்தப் பதவி வந்தாலும் இதையே கேள். பதில் ஒரே மாதிரி வராது, சமயத்தில் சங்கடமாகவும் இருக்கும். ஜனாதிபதியை நீக்க செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998-இல் கிளிண்டன், 2019-இலும் 2021-இலும் டிரம்ப் என்று நாலு முறை கீழவை குற்றம் சாட்டியது. ஒருமுறைகூட நீக்கம் நடக்கவில்லை. நிக்சன் 1974-இல் தானாக விலகினார். அப்படியானால் சி.பி. சொன்னதில் பாதி நிஜம்தானே என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்டால் உன் வகுப்பு நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

அடுத்து, நம் பக்கத்துக் கதை. சி.பி.யை எதிர்த்துப் பொறுப்பாட்சி கேட்டவர்களில் முன்னால் நின்றவர் பட்டம் தாணுபிள்ளை. 1954-இல் அவரே திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சர். அந்த ஆகஸ்ட் 11 அன்று தெற்கே தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் அவருடைய போலீஸ் சுட்டது. 1955 பிப்ரவரியில் சபையில் பெரும்பான்மை போய் மந்திரிசபை கவிழ்ந்தது. துப்பாக்கிச் சூடு ஒன்றே காரணம் என்று சொல்லிவிடாதே. கட்சிக் கணக்குகளும் இருந்தன. ஆனால் இறக்குவதற்கு ஒரு வாசல் இருந்தது, யாரும் கத்தியைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. 1946-ஐயும் 1954-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அமெரிக்க முறையும் நாடாளுமன்ற முறையும் எங்கே பிரிகின்றன என்று தெரியும். வகுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள் இருந்தால் கொஞ்சம் சூடாகும். ஆகட்டும். பட்டத்தைத் திட்டுகிறவனுக்கும் புகழ்கிறவனுக்கும் ஒரே நிபந்தனை போடு: தேதியும் ஆதாரமும் சொல்லிவிட்டுப் பேசு. சி.பி.க்கும் அதே நியாயம்தான். அவர் திட்டத்தில் எல்லோருக்கும் வாக்குரிமை இருந்தது என்பதை, சொல்லப் பிடிக்காவிட்டாலும், சொல்லத்தான் வேண்டும்.

இதற்குப் பிறகு அம்பேத்கரிடம் போனால் அவர் பேச்சு தானே புரியும். 1948 நவம்பர் 4 அன்று இந்தியாவின் வரைவு அரசமைப்பை அரசமைப்பு நிர்ணய சபையில் வைத்துப் பேசும்போது இரண்டு முறைகளையும் எடை போட்டார். அமெரிக்க முறையில் நிலைத்தன்மை கூடுதல், நாடாளுமன்ற முறையில் பொறுப்பு கூடுதல்; வரைவு பொறுப்பின் பக்கம் சாய்ந்தது. அமெரிக்காவில் ஆட்சியாளரை எடைபோடுவது தேர்தலுக்குத் தேர்தல்தான். நம் முறையில் கேள்வி நேரம், ஒத்திவைப்புத் தீர்மானம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று தினமும் எடைபோடுகிறோம். பருவத் தேர்வுக்கும் உள்மதிப்பீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் என்று சொல்லிப் பார். 2024-இல் நாலு வருஷப் பட்டப்படிப்பு வந்த பிறகு கேரளத்துப் பிள்ளைகளுக்கு உள்மதிப்பீடு என்றால் விளக்கம் தேவையில்லை.

இனி வேலை வாங்குவது பற்றி. அமெரிக்க அரசமைப்பின் மூலவாசகம் சுமார் 4,500 சொற்கள்தான். பின்னால் 27 திருத்தங்கள். ஒரு மத்தியானத்தில் படித்துவிடலாம். படித்துவிட்டு வந்தால்தான் இரண்டாம் வாரம் என்று கறாராகச் சொல். நோட்ஸ் கொடுக்காதே, கேட்பார்கள், கெஞ்சுவார்கள், துறைத்தலைவரிடம் போவார்கள். கொடுக்காதே.

கூட்டாட்சிக்கு வகுப்பறை வேண்டாம், உன் வீட்டு வாசல் போதும். பிள்ளையார் கோவில் ராணுவத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது, அது மத்திய அரசு. கிழக்கேக்கோட்டை பஸ்களில் பல மாநிலப் போக்குவரத்துக் கழகத்துடையவை. புத்தரிக்கண்டம் மைதானம் மாநகராட்சியுடையது. நாலு எட்டு வைத்தால் பத்மநாபசுவாமி கோவில்: 2020 ஜூலை 13 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அரச குடும்பத்தின் உரிமையை ஏற்றது, நிர்வாகம் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம். பிள்ளைகளை அங்கே நடக்கவிட்டு, எது யாருடையது, குறை இருந்தால் யாரிடம் போவது, அவரை யார் மாற்றலாம் என்று ஒரு பக்கம் எழுதி வாங்கு. அதோடு அமெரிக்காவின் ஒரு தெருவை ஒப்பிடச் சொல்: அங்கே நகரப் போலீஸ் வேறு, கவுண்டி ஷெரிஃப் வேறு, மாநிலப் போலீஸ் வேறு, பல இடங்களில் ஷெரிஃபே தேர்தலில் ஜெயித்து வருகிறவர். போனில் கேட்டால் கட்டுரை கொட்டும் காலத்தில் இப்படி நடந்து பார்த்து எழுதும் வேலையைத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, எழுதியதிலிருந்து இரண்டு கேள்வி கேள். எழுதியது யார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

மதிப்பெண் போடும்போது கிரெகரி வாட்சனை நினைத்துக்கொள். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் எந்தப் படிப்புக்காரனும் அரசாங்கப் பாடம் படித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். 1982-இல் ஆஸ்டின் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு வகுப்பில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளத்தை மாற்றும் சட்டம் இடையில் ஒரு தேர்தல் நடந்த பிறகே அமலுக்கு வர வேண்டும் என்று 1789-இல் காங்கிரஸே ஒரு திருத்தத்தை முன்மொழிந்தது. போதுமான மாநிலங்கள் ஏற்கவில்லை, ஆனால் அதற்குக் கெடுவும் எழுதப்படவில்லை; ஆகவே அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்றார் வாட்சன். கிடைத்தது 'சி'. அவர் விடவில்லை. மாநிலச் சட்டசபைகளுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். 1983-இல் மெய்ன், அடுத்த வருஷம் கொலராடோ என்று ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டு, 1992-இல் அது 27-ஆவது திருத்தமாகியே விட்டது. 2017-இல் அந்த 'சி' 'ஏ' ஆனது.

தாராளமாக மார்க் போடு என்று இதற்குப் பொருள் இல்லை. முடிவு நம்ப முடியாததாக இருந்தால் மூலத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குறை. குறைத்தால் ஓரத்தில் காரணம் எழுது. அழகான முடிவுக்கு ஆதாரம் இல்லையென்றால் அதற்கும் குறை.

கடைசித் தேர்வுக்கு ஒரு கேள்வி தருகிறேன்: 1946 திட்டத்தை உண்மையான அமெரிக்கன் மாடல் ஆக்க எந்தெந்த விதிகளைச் சேர்த்திருக்க வேண்டும், அவற்றுக்கு மகாராஜா சம்மதித்திருப்பாரா? பத்து மதிப்பெண். விடைக்குறிப்பு கேட்டு எனக்கு எழுதாதே.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்