இணைய முகவரியில் தமிழ்

வீட்டிற்குக் கதவிலக்கம் போல, இணையதளத்திற்கு முகவரி உண்டு. முன்பு அதனை ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு ஆகியவற்றால் மட்டுமே எழுத முடிந்தது. 1998இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவினர் பிறமொழி முகவரிகளுக்கு வழி கண்டனர். உலக முகவரிகளை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு, நாட்டுப் பெயர்களைத் தாய்மொழியில் எழுத 2009இல் இசைந்தது. அதன் பயனாக .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் ஆகிய மூன்றும் தமிழில் எழுந்தன.

நாம் தமிழில் தட்டினாலும், கணிப்பொறி 'பியூனிகோடு' முறையில் அதனை ஆங்கில எழுத்துகளாக மாற்றியே அனுப்புகிறது. அம்மாற்றம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நமக்கு அது தேவையுமில்லை.

வெள்ளகோவில் பேருந்து நிலையத்தில் என் தாயார் பலகையைத் தமிழில் படித்துத் தாமே பேருந்து ஏறுவார். இணைய முகவரிக்கு மட்டும் என்னை அழைப்பார். வழி திறந்தாயிற்று; தமிழில் முகவரிகளைப் பதிவது இனி நம் கடமையன்றோ!