ஏரிக்கரைச் சரிவுகளில் ஆனி, ஆடி: ஆனைமலைக்காரர்கள் இப்போதே செய்ய வேண்டியவை

தென்மேற்குப் பருவமழை ஆனைமலையில் இறங்கிவிட்டது. சோலையாறு, நீராறு, சின்னக்கல்லாறு பக்கம் சாரல் கனமழையாக மாற அதிக நாள் ஆகாது. அணை நீர்த்தேக்கங்களை ஒட்டிய செங்குத்துச் சரிவுகளில் குடியிருப்போர், அங்கே தோட்ட வேலைக்குப் போவோர், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு வண்டியேறுவோர் ஆகிய மூன்று தரப்பாருக்கும் இந்த ஆலோசனை. எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றே: சரிவுக்குக் கீழே வீடு இருந்தால் மழை வலுத்த பிறகு யோசிக்காதீர்கள், இருட்டுவதற்குள் இடம் மாறிவிடுங்கள்.

2024 ஜூலை 30 அதிகாலையில் சோலையாறு அணை இடதுகரையில் ஒரு வீட்டின்மேல் மண் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த பாட்டியும் பேத்தியும் இறந்தார்கள். அதே அதிகாலையில்தான் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் அழிந்தன. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள் புதைந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். மூன்று இடத்திலும் மண் வந்தது ஊர் உறங்கும் நேரத்தில்.

சரிவு ஏன் நகர்கிறது?

வீடு கட்டும் இடத்தில் கொட்டிய ஜல்லிக் குவியலைப் பாருங்கள். தானாக ஒரு சாய்வு எடுத்து நிற்கும். அடியில் ஒரு கூடை அள்ளினால் மேலிருந்து சரசரவென்று இறங்கும். மலைக் கல்சரிவும் அப்படித்தான். வெயிலும் மழையும் உடைத்த கற்கள், சாலைக்காக வெட்டித் தள்ளிய கற்கள் எல்லாம் ஏறத்தாழ 35 டிகிரி சாய்வில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அடிவாரத்தை வெட்டினாலோ, அலை அரித்தாலோ தாங்கல் போய்விடும்.

தேயிலைச் சரிவில் நிலைமை வேறு. கெட்டிப் பாறைக்கு மேலே சில அடி மண்தான். நாள் கணக்கில் மழை பெய்தால் தண்ணீர் பாறைவரை இறங்கி, அதற்குமேல் போக வழியில்லாமல் மண்ணுக்கடியில் தேங்கும். மண் கனத்துப் பிடிப்பை இழக்கும். அதனால்தான் முதல் நாள் மழையைவிட மூன்றாம், நான்காம் நாள் மழைக்கு அதிகம் அஞ்ச வேண்டும்.

வீடுகளில்

வீட்டுக்கு மேல்புறம் ஓடும் வாய்க்காலை இந்த வாரமே தூர்வாருங்கள். இலை, பிளாஸ்டிக், சரிந்த மண் அடைத்தால் தண்ணீர் சரிவுக்குள் இறங்கும். கூரைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் சரிவில் விழாமல் குழாய் வைத்து ஓடையில் விடுங்கள். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய விட்ட துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். சரிவின் அடியில் மண் வெட்டுவதையும், கழிவறைக் குழி தோண்டுவதையும் மழைக்காலம் முடியும்வரை தள்ளிப்போடுங்கள். மண்ணைப் பிடிக்க வெட்டிவேர் நட நினைப்பவர்கள் கனமழை தொடங்குமுன் நட்டு முடியுங்கள்.

மழையை நீங்களே அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தகர டப்பாவை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு உள்ளே ஸ்கேலை நிறுத்திப் பார்த்து, எழுதிவைத்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். வானிலை ஆய்வு மையக் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.5-ஐத் தாண்டினால் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. டப்பாவில் 11 சென்டிமீட்டருக்கு மேல் நின்றாலோ, கோவை மாவட்டத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தாலோ, செங்குத்துச் சரிவுக்குக் கீழே உள்ள வீட்டில் அன்றிரவு தங்க வேண்டாம். உறவினர் வீட்டுக்கோ முகாமுக்கோ பகலிலேயே போய்விடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், மருந்து, டார்ச் லைட் ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக் கதவோரம் வையுங்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வெளியேறுங்கள்:

– தரையிலோ சுவரிலோ புதிதாக விரிசல்; நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று இறுகுவது
– மின்கம்பமோ சில்வர் ஓக் மரமோ சாய்வது
– இல்லாத இடத்தில் ஊற்று. தெளிந்த ஊற்று செம்மண்ணாகக் கலங்குவது
– மழை கொட்டும்போதே ஓடைத் தண்ணீர் திடீரென்று குறைவது. மேலே எங்கோ மண் அடைத்திருக்கிறது. அது உடைந்தால் மொத்தமாக வரும்
– கல்லோடு கல் மோதும் ஓசை, மரம் முறியும் ஓசை

ஓடும்போது சரிவின் போக்கில் கீழ்நோக்கி ஓடாதீர்கள்; பக்கவாட்டில் விலகி மேடான இடம் சேருங்கள்.

மலைச்சாலையில்

ஆழியாறு–வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனையில் நின்றால் ஆழியாறு அணை கண்ணாடித் தட்டுபோலத் தெரியும். போன ஆடியில் அங்கே நின்றிருந்தபோது என் காலடியில் கோலிக்குண்டு அளவுக் கல் ஒன்று வந்து விழுந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. நிமிர்ந்தால், பாறை விளிம்பில் குட்டியோடு ஒரு வரையாடு. அது மிதித்த சரளைதான் உருண்டிருக்கிறது. ஓர் ஆட்டின் குளம்புக்கே நகரும் சரிவு இரவெல்லாம் நனைந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கு உறைத்தது.

ஆகவே பாறைச் சுவரை ஒட்டி வண்டி நிறுத்தாதீர்கள். சாலையில் புதிதாகக் கல் கிடந்தால், இறங்கிப் படம் எடுக்காமல், மேலே பார்த்துக்கொண்டே கடந்துவிடுங்கள். மழையும் மூடுபனியும் சேர்ந்த மாலையில் மலையேற வேண்டாம். வரையாட்டுக்குத் தீனி போடாதீர்கள். தீனிக்காகச் சாலைக்கு இறங்கிப் பழகினால் வண்டியில் அடிபடும்.

நீர்த்தேக்கக் கரையில்

சோலையாறு அணையின் முழு நீர்மட்டம் 160 அடி, ஆழியாறு 120 அடி. நிரம்பும்போது எல்லோரும் கவனமாக இருப்பார்கள். ஆனால் மட்டம் வேகமாக இறங்கும்போதும் கரைக்கு ஆபத்து உண்டு: தாங்கி நின்ற தண்ணீர் போய்விடும், கரை மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் போகாது, கரை வழுக்கும். காடம்பாறையில் மின் உற்பத்திக்காக மேலே தண்ணீர் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருப்பதால் அங்கும் மேல் ஆழியாறிலும் மழை இல்லாமலே மட்டம் மாறும். மீன் பிடிப்போரும் மாடு மேய்ப்போரும் புதிதாக வெளிப்பட்ட சேற்றுக் கரையில் கால் வைக்காதீர்கள். செங்குத்துக் கரைக்கு அடியில் ஒதுங்காதீர்கள்.

மழை விட்ட பிறகு

வெயில் அடித்ததும் வீடு திரும்ப அவசரப்பட வேண்டாம். மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் வடிய நாள் பிடிக்கும். பகல் வெளிச்சத்தில் இரண்டு பேராகப் போய் விரிசல், ஊற்று, சுவர் எல்லாம் பார்த்த பிறகு குடும்பத்தைக் கூட்டிவாருங்கள். விரிசல் இருந்தால் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தோட்ட அலுவலகத்திலோ சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108: மூன்று எண்களையும் குழந்தைகளையும் மனப்பாடம் செய்ய வையுங்கள்.

மாலையில் மழை சற்று ஓயட்டும். அப்போது மண்வெட்டியோடு வீட்டுக்குப் பின்னால் போங்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், இருட்டுமுன் வெட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருந்தால், அவர்கள் வாய்க்காலையும் சேர்த்தே வெட்டிவிடுங்கள்.