அணுவும் இரு மலைகளும்

மஞ்சளாறு மலையினின்று இறங்கிச் சமநிலம் சேரும் இடத்திற்கு அணித்தாயுள்ளது தேவதானப்பட்டி. அதன் வடபால் ஓங்கி நிற்பது கோடைமலை. அவ்வூரினின்று பெரியகுளம், தேனி, போடி ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால், தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரத்தில் போடி மேற்கு மலைகளைக் காணலாம். கோடைமலையில், அணுவின் புறக்கூடுகள் எழுதும் ஒளியை அறிஞர் நூறாண்டுக்கு மேலாகப் படித்து வருகின்றனர். போடி மலையிலோ, அணுவின் அகத்தினின்று பிறக்கும் ஒரு துகளைத் தேடக் கருதினர். அஃது இன்னும் கைகூடவில்லை. இவ்விரு மலைகளையும் துணையாகக் கொண்டு, அணுவின் அமைப்பைப் பள்ளி மாணவரும் உணருமாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அணு என்னும் சொல் நம் மொழிக்குப் புதியதன்று. மிகச் சிறியது என்பதே அதன் பொருள். இன்றைய அறிவியல் அச்சிறியதனையும் பகுத்துக் காட்டுகிறது. நடுவே உள்ளது அணுக்கரு. அதனுள் நேர்மின்னூட்டமுடைய புரோட்டான்களும் மின்னூட்டமற்ற நியூட்ரான்களும் நெருங்கி உறைகின்றன. புறத்தே இருப்பன எதிர்மின்னூட்டமுடைய எலக்ட்ரான்கள். ஒரு புரோட்டானின் நிறை எலக்ட்ரானின் நிறையைப்போல் ஏறக்குறைய 1836 மடங்கு. ஆதலின் அணுவின் நிறை யாவும் கருவிலேயே அடங்கியதெனலாம். ஆயினும் கருவின் அளவோ மிகச் சிறிது. அதனை ஒரு மிளகாகக் கொள்ளின், அணுவின் எல்லை சில நூறு முழத்திற்கு அப்பால் அமையும். இக்கருவினை ரூதர்போர்டு 1911-இல் உலகிற்கு உணர்த்தினார்.

எலக்ட்ரான்கள் விரும்பியவாறெல்லாம் திரிவன அல்ல. அவை படிப்படியான ஆற்றல் நிலைகளில் அமைகின்றன. அந்நிலைகளையே கூடுகள் என்கிறோம். முதற்கூடு 2, இரண்டாவது 8, மூன்றாவது 18 எலக்ட்ரான்கள் வரை கொள்ளும். சுண்ணாம்பில் உள்ள கால்சியத்தை எடுத்துக்கொள்வோம். அதன் 20 எலக்ட்ரான்களும் 2, 8, 8, 2 என அமைகின்றன. மூன்றாங்கூட்டில் இடமிருக்கவும் இறுதி இரண்டும் நான்காவதிற் சென்று தங்குவானேன் எனின், அவ்வாறு அமைவதே அவ்வணுவிற்குக் குறைந்த ஆற்றலுடைய நிலையாதலின் என்க.

மேற்கூட்டினின்று கீழ்க்கூட்டிற்கு இறங்கும் எலக்ட்ரான், இரண்டிற்குமுள்ள ஆற்றல் வேறுபாட்டை ஒளியாக வெளியிடும். ஹைட்ரஜனில் மூன்றாம் நிலையினின்று இரண்டாம் நிலைக்கு இறங்குமாயின் பிறப்பது செந்நிற ஒளி. ஒவ்வொரு தனிமத்திற்கும் கூடுகளின் இடைவெளி வேறாதலின், அதன் ஒளியும் வேறு. ஹைட்ரஜன் ஒளியின் இவ்விலக்கணத்தை 1913-இல் போர் விளக்கினார். அவர் கருதியவாறு எலக்ட்ரான்கள் கோள்களைப்போல் வட்டமிடுவதில்லை என்று பின்வந்தோர் கண்டனராயினும், ஆற்றற் படிகள் உண்டென்னும் உண்மை நிலைபெற்றது.

கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 1899-இல் நிறுவப்பட்டது. ஹைட்ரஜனின் செந்நிற ஒளியிலும் கால்சியத்தின் ஊதா ஒளியிலும் சூரியனை அங்கே படமெடுத்தனர். 1909-இல் ஜான் எவர்ஷெட் என்பார், நிறமாலைக் கோடுகள் சிறிதே இடம் பெயர்ந்திருத்தலைக் கண்டு, சூரியப் புள்ளிகளில் வாயு மையத்தினின்று வெளிநோக்கி ஓடுகிறது என்று அறிந்தார். அப்போது அணுக்கருவும் அறியப்படவில்லை, கூடுகளும் அறியப்படவில்லை. எழுதும் கை எதுவெனத் தெரியாமுன்னரே எழுத்தைப் படித்தார் அவர்.

இனி அணுவின் அகத்தே புகுவோம். சில அணுக்கருக்களில் நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாறும். அப்போது ஓர் எலக்ட்ரான் வெளிப்படும். அது கொண்டுசெல்லும் ஆற்றலைக் கணக்கிட்டபோது வரவும் செலவும் ஒவ்வாதிருந்தன. காணாமற்போன ஆற்றலைக் கண்ணிற்படாத வேறொரு துகள் கொண்டுசெல்கிறது என்று 1930-இல் பவுலி கூறினார். அதுவே நியூட்ரினோ. 1956-இல் ரெய்ன்ஸ், கோவன் என்னும் இருவர் அதனை மெய்ப்பித்தனர்.

மின்னூட்டம் இன்மையாலும், பிற துகள்களோடு மிக அரிதாகவே உறவு கொள்வதாலும், நியூட்ரினோ எதனையும் ஊடுருவிச் செல்லும். சூரியனினின்று வருவன மட்டும் நம் விரல் நகமளவான இடத்தில் நொடிக்கு ஆறாயிரங் கோடிக்கு மேல் பாய்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் வாழைப்பழமும் இதற்குப் புறம்பன்று. அதிலுள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய பதினாயிரத்தில் ஒரு பங்கு தானே சிதைவது; சிதையுங்கால் பெரும்பாலும் எதிர்நியூட்ரினோவை வெளியிடும். அதனால் உண்பார்க்குத் தீங்கில்லை.

எதனோடும் உறவாடாத இத்துகளைப் பிடிக்க மலை எதற்கு? விண்ணினின்று வேறு துகள்களும் மழைபோற் பொழிகின்றன. அவ்விரைச்சலில் நியூட்ரினோவின் மெல்லொலி கேளாது. மலையின் பாறை ஏனையவற்றைத் தடுத்து நியூட்ரினோவை மட்டும் விடும். சல்லடை போல்வது அது. 1965-இல் கோலார் பொற்சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்திற் பிறந்த நியூட்ரினோக்களின் தடங்களை நம் நாட்டு அறிஞரும் பிறநாட்டாரும் கூடிக் கண்டனர். அச்சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது.

பொட்டிப்புரத்தில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமான குகைவழி குடைந்து, 50,000 டன் அளவான காந்தமேற்றிய இரும்புக் கருவியை வைக்கத் திட்டமிட்டனர். 2015-இல் மத்திய அமைச்சரவை இசைவளித்தது. ஊர்மக்களும் பிறரும் எதிர்த்தனர், வழக்குகள் எழுந்தன. 2022-இல் தமிழ்நாட்டரசு, புலிகள் நடமாடும் காட்டுவழியையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வளத்தையும் எடுத்துக்காட்டி, உச்சநீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது.

இங்கே இரண்டு வினாக்களைப் பிரித்துணர்தல் வேண்டும். நியூட்ரினோ நம்மைத் தீண்டித் துன்புறுத்துமோ என்பது ஒன்று. அணுவின் இயல்பறிந்தோர்க்கு அவ்வச்சம் எழாது; அக்கருவி நியூட்ரினோவை உண்டாக்குவதன்று, இயற்கையாய் வருவதை எண்ணுவதே. பாறையை வெடிவைத்துக் குடைவதால் ஊற்றுக்கும் காட்டிற்கும் யாது நேரும் என்பது மற்றொன்று. அவ்வினாவிற்கு அணுநூல் விடை கூறாது. நீரும் பாறையும் காடும் அறிந்தோரே கூறவேண்டும். முன்னதை அறியாதார் வீணே அஞ்சுவர். பின்னதை மதியாதார் உழவரின் நியாயமான கவலையையும் அறியாமை என்று தள்ளுவர். இரண்டும் பிழையே.

ஆதலின் தமிழ் பயிலும் நம்மனோர்க்கு ஒரு கடமை உண்டு. அணுவின் செய்தியைத் தெளிந்த தமிழில் ஊர்தோறும் எடுத்துரைப்போமாக; அவ்வூரார் தம் நிலத்தைப்பற்றிக் கூறும் செய்தியையும் அதே கவனத்தோடு கேட்போமாக. அவ்வாறு செய்யின், மலை குடையப்படினும் படாதொழியினும், அம்முடிவு அறிந்து செய்த முடிவாகும்.