கடலுக்கு அஞ்சி, கடிகாரத்தை மறந்து

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ விமானமேறிச் சிங்கப்பூர் சேர்ந்து, அங்கே மரீனா பே துறையில் உல்லாசக் கப்பலொன்றில் ஏறி, பினாங்கு, போர்ட் கிள்ளான், புக்கெட் என்னும் துறைகளுள் இரண்டொன்றை மூன்று நான்கு இரவுகளில் கண்டு திரும்பும் வழக்கம் நம் நடுத்தரக் குடும்பங்களிடையே மெல்லப் பரவிவரும் இக்காலத்தில், கைக்குழந்தையோ பள்ளி செல்லும் வயதை எட்டாத பாலகனோ இருக்கும் வீட்டில் அப்பிரயாணத்தைப் பற்றிய பிரஸ்தாபம் எழுந்த மாத்திரத்தில், நாலா திசைகளிலிருந்தும் அபிப்பிராயங்கள் வந்து குவிந்துவிடுகின்றன. ‘பச்சைக் குழந்தையைச் சமுத்திரத்தின் நடுவே கொண்டுபோவதா?’ என்று பாட்டிமார் பதறுகிறார்கள். ‘கப்பலில் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்று சிற்றப்பன்மார் தைரியம் சொல்கிறார்கள். இவ்விரு கட்சியாரில், பயப்படுகிறவர்கள் பயப்படவேண்டாத இடத்தில் பயப்படுகிறார்கள் என்பதும், பயமில்லாதவர்களோ ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய இடத்தில்தான் அயர்ந்திருக்கிறார்கள் என்பதும் என் அபிப்பிராயம்.

பாட்டிமாரின் முதல் நம்பிக்கை, கடற்பிரயாணம் என்றாலே வாந்தியும் தலைசுற்றலும்தான் என்பது. இது ஆதாரமற்ற நம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. சென்னை, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், 1973 வரையில், ஓடிய ‘ராஜுலா’ கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, வங்காள விரிகுடாவின் அலைகளை வயிற்றால் அளந்து சென்றவர்களின் நினைவு தஞ்சை, நாகை ஜில்லாக்களின் வீடுகளில் இன்னும் வழிவழியாகப் பேசப்பட்டு வருகிறது. ஆனால் ராஜுலாவின் கொள்ளளவு எட்டாயிரத்துச் சொச்சம் டன். அண்மைக் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட கப்பல்களுள் ஒன்றான ‘ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ்’ 1,69,000 டன்னுக்கு மேற்பட்டது. பருமனைவிட முக்கியமானது, இக்கப்பல்களின் இருபக்கங்களிலும் நீர்மட்டத்துக்குக் கீழே மீனின் துடுப்பைப்போல் நீண்டு நின்று, கப்பல் ஒருபக்கம் சாயத் தொடங்கும்போதே தம் கோணத்தை மாற்றி அதை நிமிர்த்த முயலும் இறக்கைகளே. அவை பக்கவாட்டுச் சாய்வைத்தான் தணிக்கும். முன்னும் பின்னும் எழுந்து தாழும் அசைவை அவற்றால் தடுக்க இயலாது. ஆகவே, கப்பலின் நீளத்தில் நடுவிலும் உயரத்தில் கீழ்த்தளங்களிலும் அமைந்த அறையே அசைவு குறைந்த அறை என்பதையும், அதிகப் பணம் கொடுத்து உச்சித் தளத்தின் முன்முனையில் அறை எடுப்பவர் அதிக ஆட்டத்தையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறார் என்பதையும் பதிவு செய்யும்போதே நினைவில் கொள்ளவேண்டும்.

கடல் எங்கும் ஒரே கடலன்று. ஒருபுறம் சுமத்திரா, மறுபுறம் மலாய்த் தீபகற்பம் என்று இருகரைகளும் அணைத்துக்கொண்டிருக்கும் மலாக்கா நீரிணை வருஷத்தில் பெரும்பகுதி சாந்தமாகவே இருப்பது; பினாங்கு வரை சென்று திரும்பும் கப்பலில், தான் கடல்மேல் இருப்பதையே குழந்தை மறந்துபோகும். அங்கிருந்து வடக்கே அந்தமான் கடலில் நுழைந்து புக்கெட்டுக்குப் போகும்போது, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் விஷயம் வேறு. சென்னையிலிருந்தே உல்லாசக் கப்பலேறி அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைகளைக் காணும் பிரயாணம் 2023-இல் தொடங்கப்பட்டபோது, பாஸ்போர்ட்டோடு கப்பலேறினால் போதும், விமானமே வேண்டாம் என்று பலர் மகிழ்ந்தார்கள். அது நியாயமான மகிழ்ச்சிதான். எனினும் அத்தகைய பிரயாணம் திறந்த விரிகுடாவில் நடப்பதாகையால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல்கள் உருவாகும் காலத்தைக் குழந்தையின் முதற் பிரயாணத்துக்குத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது உசிதம்.

இன்னொரு விசித்திரம்: யாரை எண்ணி அதிகமாகக் கவலைப்படுகிறோமோ அந்தக் கைக்குழந்தைக்குத்தான் கடற்பிரயாணத்து வாந்தியும் தலைசுற்றலும் அரிது. இரண்டு வயதுக்குட்பட்ட சிசுக்களை அசைவு மயக்கம் பெரும்பாலும் தொடுவதில்லை. அது மிகுதியாகப் பீடிப்பது இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளவர்களை, அதிலும் பள்ளிப் பிராயத்துப் பிள்ளைகளை. அப்படியிருக்க, ‘முன்னெச்சரிக்கையாக இருக்கட்டும்’ என்று மருந்துக்கடையில் அவோமின் வாங்கி, அரைமாத்திரை கால்மாத்திரையாக உடைத்துக் குழந்தைக்குப் புகட்டும் பழக்கம் நம்மவரிடையே உண்டு. அதிலுள்ள புரோமெத்தசின் என்னும் மருந்து இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சுவாசத்தை அபாயகரமாக அடக்கிவிடக்கூடும் என்பதால், அவ்வயதினருக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் கடுமையான எச்சரிக்கை விதித்திருக்கிறது. மூத்த பிள்ளைக்கு மருந்து தேவையா, எவ்வளவு என்பதைப் புறப்படுமுன் குழந்தை வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதே முறை. பக்கத்துவீட்டுக்காரரின் அனுபவம் இந்த ஒரு விஷயத்தில் உபயோகப்படாது.

அடுத்த பயம், குழந்தை ஓடியாடுகையில் கடலில் விழுந்துவிடும் என்பது. கப்பல்களின் கைப்பிடிச் சுவர் தளத்திலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் உயரம் இருக்கவேண்டும் என்பது சர்வதேச நியமம்; அமெரிக்கத் துறைகளுக்குச் செல்லும் கப்பல்களுக்கு அந்நாட்டின் 2010-ஆம் வருஷத்துச் சட்டம் 42 அங்குலம் என்று விதித்திருக்கிறது. தரையில் நிற்கும் மூன்று வயதுக் குழந்தை அதைத் தாண்டி விழ வழியில்லை. தாண்ட வழி செய்துகொடுப்பவர்கள் நாம்தாம்: பால்கனியில் நாற்காலியைக் கம்பியோரம் இழுத்துப் போடுகிறோம், படம் எடுப்பதற்காகப் பிள்ளையைக் கம்பிமேல் தூக்கி உட்கார வைக்கிறோம். நாற்காலிகளை அறைக்குள் எடுத்துவைத்துக் கதவைத் தாழிட்டால் இந்தப் பயத்துக்கு இடமில்லை. சமுத்திரத்தை இவ்வளவு அஞ்சும் குடும்பங்கள், அதே கப்பலின் மேல்தளத்திலிருக்கும் நீச்சல்குளத்தைக் கண்டு அஞ்சாததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். உயிர்காப்பாளரை நியமித்திருக்கும் நிறுவனங்கள் சில உண்டு; அவ்வாறு நியமிக்காமல், ‘உங்கள் பொறுப்பில் நீந்துக’ என்று பலகை மட்டும் வைத்திருக்கும் கப்பல்களும் பல. ஜனநெருக்கடி மிகுந்த குளத்தில் சிறு குழந்தை சத்தமின்றியே மூழ்கிவிடும். கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர், கையில் தொலைபேசி இல்லாமல், இருந்தே தீரவேண்டும்.

அந்தக் குளத்திலும் டயப்பர் அணிந்த குழந்தைக்கு இடமில்லை என்பது வேறு செய்தி. நீச்சலுக்கென்றே விற்கும் டயப்பர் அணிந்திருந்தாலும், மலஜலம் கழிக்கப் பழகாத குழந்தையைப் பொதுக்குளத்தில் இறக்கக் கூடாது என்பது அமெரிக்கச் சுகாதார அதிகாரிகள் விதித்து, பெருங்கம்பெனிகள் பொதுவாகக் கைக்கொள்ளும் விதி. தனிச் சுத்திகரிப்புள்ள சிசுக்களுக்கான நீர்விளையாட்டு இடம் சில கப்பல்களில் மட்டுமே உண்டு. குளத்தைக் காட்டி ஆசை மூட்டி அழைத்துவந்த இரண்டு வயதுப் பிள்ளையைக் குளத்தங்கரையில் நிறுத்திவைப்பது பெற்றோருக்குப் பெரிய சோதனை.

இதே விதிதான் சிற்றப்பன்மாரின் நம்பிக்கையையும் குலைப்பது. ‘குழந்தைகள் சங்கத்தில் விட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்’ என்கிறார்களே, அந்த இலவச விளையாட்டுக் கூடம் பெரும்பாலான கப்பல்களில் மூன்று வயது நிறைந்து, டயப்பரை விட்டொழித்த பிள்ளைகளுக்கே உரியது. அதற்குக் கீழ்ப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் சிசுப் பராமரிப்பு இடம் சில கப்பல்களிலேயே உண்டு. அதற்கு மணிக்கணக்கில் தனிக்கட்டணம், முன்பதிவும் அவசியம். கப்பலேறவே வயது வரம்பு இருக்கிறது என்பதைப் பலர் அறியார். பிறந்து சில வாரங்களான சிசுவை விமானத்தில் ஏற்றிக்கொள்வார்கள். பெருங்கம்பெனிகளின் கப்பலில், புறப்படும் நாளன்று ஆறு மாதம் நிறைந்திருக்கவேண்டும், தொடர்ச்சியாக மூன்று நாட்களோ அதற்கு மேலோ கரை காணாமல் ஓடும் பிரயாணமானால் பன்னிரண்டு மாதம் நிறைந்திருக்கவேண்டும் என்பது சாதாரண நியமம். பிரயாணத்தின் எந்த நாளிலாவது கர்ப்பத்தின் 24-ஆம் வாரத்தில் அடியெடுத்து வைக்கும் தாயையும் ஏற்றமாட்டார்கள். பணம் கட்டிய பிறகு துறைமுகத்தில் அறியவேண்டிய விஷயங்கள் அல்ல இவை.

கப்பலேறியதும் பிரயாணிகளுக்கு நடத்தும் உயிர்காப்புப் பயிற்சியை வெறும் சம்பிரதாயம் என்று எண்ணிக் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டு அறையிலேயே இருந்துவிடலாம் என்பார் உண்டு. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் ‘கோஸ்டா கான்கோர்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டபோது, அன்று மாலைதான் ஏறிய நூற்றுக்கணக்கான பிரயாணிகளுக்கு இன்னும் பயிற்சி நடந்திருக்கவில்லை. ஒரு நாளைக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. அதன் விளைவாக, புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாகவேண்டும் என்று சர்வதேச விதி திருத்தப்பட்டது. பயிற்சிக்குப் போகிற இடத்தில் கேட்டுப் பெறவேண்டியது ஒன்றுண்டு: சிசுவின் எடைக்கேற்ற மிதவைச் சட்டை. ஒரு நாளுக்கு மேற்பட்ட பிரயாணத்தில் கப்பலிலுள்ள ஒவ்வொரு சிசுவுக்கும் ஒன்று இருக்கவேண்டும் என்பது விதியாயினும், அறையில் அது தானாக வந்து காத்திருக்கும் என்று எண்ணக் கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘கப்பலில் நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்காது’ என்பது சிங்கப்பூர்க் கப்பல்களைப் பொறுத்தவரை பழைய கதை. சோறும் பருப்பும் தயிரும் கிட்டும், சைவம் என்று முன்கூட்டித் தெரிவித்துவிட்டால் போதும். ஆயினும் அந்தக் கதையை நம்பி மின்சாரக் குக்கரையும் கெட்டிலையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போகிறவர்கள், தீவிபத்தை அஞ்சும் கப்பல் சிப்பந்திகள் அவற்றைப் பறிமுதல் செய்து, இறங்கும் நாளில்தான் திருப்பித்தருவார்கள் என்பதை அறிந்திருப்பது நல்லது. கஞ்சி மாவை முத்திரை உடையாத பொட்டலமாகக் கொண்டுபோனால், கரைக்க வெந்நீர் உணவுக்கூடத்தில் கிடைக்கும்.

‘கப்பல் நோய்களின் கூடாரம்’ என்பதும் மிகையே. கப்பலோடு சேர்த்தே பேர் அடிபடும் நோரோ வைரஸ் என்னும் வாந்திபேதிக் கிருமியின் தாக்குதல்களில், அமெரிக்காவில் பதிவாகிறவற்றுள் கப்பல்களைச் சேர்ந்தவை நூற்றில் ஒன்றளவே என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் கூறுகிறது. ஆனால் வாசலில் தெளிக்கும் ஆல்கஹால் திரவம் இக்கிருமியைச் சரிவரக் கொல்வதில்லை. சோப்பும் தண்ணீருமே மருந்து. கப்பலில் வைத்தியர் உண்டு. குழந்தை வைத்திய நிபுணர் இருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. கட்டணமும் சற்றுக் கனமானது. ஊரில் எடுத்த ஆரோக்கிய இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் நடுக்கடலில் செல்லாது என்பதால், அவசரமாகக் கரைசேர்க்கும் செலவையும் ஏற்கும் பிரயாண இன்ஷூரன்ஸ் வேண்டும்.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். விமானத்தைத் தவறவிட்டால் வேறு விமானம் உண்டு. கப்பலோ, கரையில் நாம் குழந்தையின் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் நங்கூரத்தை எடுத்துவிடும். புறப்பாட்டுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னதாகவே அனைவரும் ஏறியிருக்கவேண்டும் என்பது கட்டளை. கப்பல் கம்பெனியே நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும்; தாமே டாக்ஸி பிடித்துப் போனவர்களுக்காக ஒரு நிமிஷமும் நில்லாது. புக்கெட்டில் இதில் இரட்டைச் சிக்கல்: அங்கே பெரும்பாலும் கப்பல் கடலிலேயே நிற்க, சிறு படகுகளில்தான் கரைக்குப் போய்வர வேண்டும், தாய்லாந்தின் நேரமோ சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்தங்கியது. கப்பல் தன் நேரத்தை மாற்றினாலும் மாற்றும், மாற்றாமல் விட்டாலும் விடும். கரை தொட்ட தொலைபேசி மட்டும் தானே மாறிக்கொள்ளும். முள் கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொண்டு போகிறவர் புத்திசாலி. குழந்தையோடு முதன்முறை போகிறவர்களுக்குப் பினாங்கே உத்தமம் என்பேன்: சுவெட்டென்ஹாம் துறை ஊருக்குள்ளேயே இருக்கிறது, இறங்கி நடந்தால் குட்டி இந்தியாவும், குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் அருகிலேயே உண்டு, குழந்தை சிணுங்கினால் கப்பலுக்குத் திரும்பவும் நேரமாகாது. போர்ட் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ஒருமணி நேரத்துக்கு மேல் சாலைப் பிரயாணம், திரும்புகையில் நெரிசல். இரட்டைக் கோபுரத்தைப் பார்க்காவிட்டால்தான் என்ன?

தஸ்தாவேஜுகளிலும் ஒரு மயக்கம் உண்டு. சிங்கப்பூரில் விமானத்தில் இறங்குவது ஒரு நுழைவு, கப்பலிலிருந்து இறங்குவது மற்றொரு நுழைவு. ஆகவே இந்தியப் பாஸ்போர்ட்டுக்காரரின் விசா பலமுறை நுழைய இடந்தருவதாக இருக்கவேண்டும். தொட்டில் குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட், தனி விசா.

‘எல்லாம் அடக்கம்’ என்ற விலையில் துறைமுக வரி, நாள்தோறும் ஆளுக்கொன்றாக விதிக்கும் சிப்பந்திகள் இனாம், இணையம் ஆகியவை பெரும்பாலும் அடங்குவதில்லை. இனாத்தைப் பல கம்பெனிகள் குழந்தையின் பேரிலும் எழுதுகின்றன. கப்பலின் சொந்தத் தொலைபேசி அலைவரிசை நம் கைபேசியைத் தானே பிடித்துக்கொண்டு ரூபாயைக் கரைத்துவிடுமாதலால், விமான நிலைக்கு மாற்றிவிட்டே கப்பலேற வேண்டும்.

நாள் அதிகமானால் இரவுக்கு இவ்வளவு என்ற கணக்கு மலிவாகும் என்று ஏழு இரவுகளுக்குச் சீட்டு வாங்குவோரைப் பார்க்கிறோம். முதல் தடவைக்கு மூன்று நான்கு இரவுகளே போதும். குழந்தையின் தூக்கம் புது அறையோடு ராசியாவதற்கே ஓரிரவு போய்விடுகிறது. ஏறும் நாளில் பெரிய பெட்டிகள் அறைக்கு வர மாலையாகலாம் என்பதால், பால், டயப்பர், மருந்து, நீச்சலுடை ஆகியவை கைப்பையிலேயே இருக்கட்டும். இறங்கும் நாளுக்கு முந்திய இரவு பெட்டிகளை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். நம்மவரின் ஒழுங்குணர்ச்சி அப்போது எல்லை கடந்து, வீட்டிலுள்ளோர் உடைகள் அனைத்தையும் மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி அனுப்பிவிடுகிறது. மறுநாள் காலை குடியேற்ற அதிகாரியின் முன் இரவுச் சட்டையோடும் வெறுங்காலோடும் நிற்கும் பிள்ளைகளை எந்தத் துறையிலும் காணலாம். ஒரு கவுனும் ஒரு ஜோடிச் செருப்பும் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.