பாறு எங்கே போச்சு?



எங்க ஆயா சின்னப் பிள்ளையா இருந்தப்ப, தொப்பூர் கணவாய்ப் பக்கம் மாடு செத்துக் கிடந்தா பெரிய பெரிய கழுகுங்க வட்டம் போட்டு இறங்குமாம். "சாயங்காலம் போய்ப் பார்த்தா எலும்புதான் கிடக்கும்" என்று ஆயா சொல்லும். நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இப்போ நாய்தான் வருது. அந்தப் பறவையின் பெயர் பாறு. பிணந்தின்னிக் கழுகு என்றும் சொல்வார்கள்.

உடலமைப்பு

வெண்முதுகுப் பாறு இறக்கையை விரித்தால் 2 மீட்டருக்கு மேல் இருக்கும். அதாவது நம் வகுப்புக் கதவை விட நீளம்! எடை சுமார் 5 கிலோ. வெயிலில் சூடாகி மேலே எழும்பும் காற்றில் ஏறி, இறக்கை அடிக்காமலே மிதக்கும். வயிற்று அமிலம் மிகவும் கடுமையானது. அடைப்பான் நோய்க் கிருமியைக்கூட அழித்துவிடும்.

பரிணாமம்

பாறு, பருந்துக்கும் கழுகுக்கும் சொந்தக்காரப் பறவை. ஆனால் வேட்டையாடாததால் நகத்தில் பலம் இல்லை. செத்த மாட்டுக்குள் தலையை விடுவதால் தலையிலும் கழுத்திலும் இறகு குறைவு. அமெரிக்காவிலும் இதே மாதிரி மொட்டைத்தலைப் பறவைகள் உண்டு. ஆனால் அவை வேறு வம்சம். ஒரே வேலை செய்ததால் ஒரே சாயல் வந்துவிட்டது.

இன்னொரு ராட்சதக் கழுகு

நியூசிலாந்தில் ஹாஸ்ட் கழுகு என்று ஒன்று இருந்தது. பெண் பறவை 10 கிலோவுக்கும் மேல். அதன் நெருங்கிய உறவு, சுமார் 1 கிலோ எடையுள்ள சின்னக் கழுகுகள்தான் என்று 2005-இல் எலும்பிலிருந்த டி.என்.ஏ.வை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அது மோவா என்ற பறக்காத பெரிய பறவையைத் தின்று வாழ்ந்தது. மனிதர்கள் போய் மோவாவை எல்லாம் வேட்டையாடித் தீர்த்தார்கள். சுமார் 600 வருடத்துக்கு முன் அந்தக் கழுகும் அழிந்தது.

அங்கே இரை தீர்ந்தது. இங்கே இரையில் விஷம் கலந்தது.

காரணம்

மாட்டு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம் என்று 2004-இல் தெரிந்தது. ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்றால் பாறுக்கு சிறுநீரகம் கெட்டுப்போகும். சில நாளிலேயே செத்துவிடும். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் 1000 வெண்முதுகுப் பாறு இருந்த இடத்தில் 1 தான் மிஞ்சியது. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை இடுவதால் சீக்கிரம் பெருகவும் முடியாது. 2006-இல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள்.

போன மாசம் எங்க பசுவுக்குக் காய்ச்சல். ஊசி போட வந்தவரிடம் மருந்து பெயரைக் கேட்டேன். "மெலோக்சிகாம்" என்றார். அது பாறுக்குக் கெடுதல் இல்லாதது. அப்பா சிரித்தார். "இல்லாத பறவைக்கு எதுக்கும்மா கவலை?" என்றார்.

நீலகிரி மாவட்டம் மாயாறு பள்ளத்தாக்கில் பாறு இன்னும் கூடு கட்டுகிறது. இரை தேடி ஒரே நாளில் 100 கிலோமீட்டருக்கு மேல்கூட பறக்கும். என்றைக்காவது நம்ம கணவாய்க்கு ஒன்று வந்தால், அதுக்கு விஷம் இல்லாத சோறு கிடைக்கணும் இல்லையா?

உங்க வீட்டு மாட்டுக்கு ஊசி போடும்போது நீங்களும் மருந்து பெயரைக் கேளுங்கள்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி,
தொப்பூர்.